தேனீக்கு மாடி வீடு

நாடுகளை வென்ற மன்னர்களின் வரலாற்றைப் பாடநூல்களில் நிறையப் படித்திருப்பீர்கள். இன்று நான் சொல்லப் போவது ஒரு சிறு மரப்பெட்டியின் வரலாறு. தேனீக்கள் வாழும் பெட்டியின்மேல் மற்றொரு பெட்டியை ஏற்றி, அதிலும் அவற்றைக் குடியேறச் செய்வது எப்படி? இந்த வினாவுக்கு மனிதன் விடை கண்ட கதை அது. வினா எளிதாகத் தோன்றும். ஆனால், அதற்கு முழு விடை கிடைக்கும் வரையில் எண்ணற்ற தேனீக் குடும்பங்கள் தங்கள் உழைப்புக்குப் பரிசாக மரணத்தையே பெற்றன.

முற்காலத்தில் ஐரோப்பியர் பலர் வைக்கோலால் பின்னிய கூடைகளில் தேனீக்களை வளர்த்தனர். அடைகள் கூடையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டாமல் வெளியே எடுக்க இயலாது. எனவே இலையுதிர் காலத்தில், கனமான கூடைகளைத் தேர்ந்தெடுத்து, கந்தகம் எரியும் குழியின்மேல் வைப்பார்கள். புகையில் தேனீக்கள் மடிந்த பின் தேனை எடுத்துக்கொள்வார்கள். கனமான கூடை எது? மிகுதியாக உழைத்த குடும்பத்தின் கூடையன்றோ! சிறந்த உழைப்பாளிகளைத் தேடிப் பிடித்து அழித்த முறை அது.

இக்கொடுமையைத் தவிர்க்க எண்ணிய சிலர், கூடையின் உச்சியில் துளையிட்டு, அதன்மேல் கண்ணாடிக் குடுவையைக் கவிழ்த்து வைத்தனர். தேனீக்கள் சில வேளைகளில் மேலேறிக் குடுவையில் அடை கட்டின. அப்போது குடும்பத்தைக் கொல்லாமல் தேன் கிடைத்தது. சில வேளைகளிலோ அவை குடுவையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரணம் அறிய வேண்டுமானால் கூட்டின் உள்ளே நடப்பதைக் காண வேண்டும். அதைக் காண வழி செய்தவர் பார்வையற்ற ஒருவர் என்பது வியப்புக்குரியது. 1750-ஆம் ஆண்டு ஜெனீவாவில் பிறந்த பிரான்சுவா ஹியூபர், இளமையிலேயே கண்ணொளி இழந்தவர். புத்தகத்தின் ஏடுகளைப் போல் ஒவ்வொன்றாய்த் திறக்கக்கூடிய கூட்டை அவர் அமைத்தார். அவருடைய பணியாளர் பர்னென்ஸ் பார்த்துச் சொல்ல, ஹியூபர் சிந்தித்தார். அவர்களுடைய ஆராய்ச்சிகள் 1792-இல் நூலாக வெளிவந்தன.

அந்நூலைப் படித்தவர்களுள் அமெரிக்கப் பாதிரியார் லோரென்சோ லாங்ஸ்ட்ராத்தும் ஒருவர். அவர் பள்ளியும் நடத்தியவர்; ஆகவே எனக்கு அவர்மீது தனிப் பற்று உண்டு. 1838-இல் நண்பர் ஒருவர் வீட்டில், அடை நிறைந்த கண்ணாடிக் குடுவையைக் கண்ட நாள் முதல் அவருக்குத் தேனீ வளர்ப்பில் ஆர்வம் பிறந்தது. ஆனால், அவர் பெட்டிகளில் அடைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. எடுக்கும்போதெல்லாம் அறுக்க வேண்டியிருந்தது. பெட்டியின் மூடிக்கும் அதன் கீழுள்ள கட்டைகளுக்கும் இடையே எட்டில் மூன்று பங்கு அங்குலம் இடைவெளி விட்டபோது மட்டும் மூடி ஒட்டாமல் இருப்பதை அவர் கண்டிருந்தார். 1851-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் அவருக்கு ஓர் எண்ணம் மின்னியது: அதே இடைவெளியைச் சட்டத்தைச் சுற்றிலும் விட்டால் என்ன?

இதன் சூட்சுமத்தைக் கவனியுங்கள். இடைவெளி மிகக் குறுகினால் தேனீ அதனைப் பிசினால் அடைத்துவிடும். மிக அகன்றால் அங்கே அடை கட்டிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள அளவைத் தன் நடைபாதை எனக் கருதி, அப்படியே விட்டுவிடும். இவ்வாறு சட்டங்களை எளிதில் தூக்கவும், பெட்டிமேல் பெட்டி அடுக்கவும் இயன்றது. 1852-இல் லாங்ஸ்ட்ராத் காப்புரிமை பெற்றார். பலர் அவர் பெட்டியை அனுமதியின்றிப் பின்பற்றியதால் அவருக்குப் பெரும் பொருள் சேரவில்லை. 1895-இல் அவர் காலமானார். அவருடைய அளவோ உலகெங்கும் பரவியது.

மாடி கட்டியாயிற்று, குடியிருப்போர் ஏற வேண்டாமா? மெழுகைச் சுரக்கத் தேனீ தேனை மிகுதியாக உண்ண வேண்டும். 1857-இல் ஜெர்மானியரான மேரிங், அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாளைச் செய்து அச்சுமையைக் குறைத்தார். 1865-இல் ஹ்ருஷ்கா, அடையைச் சுழற்றித் தேனைப் பிரிக்கும் கருவியை அமைத்தார். பிழியாமல் தேன் எடுத்த வெற்றடையை மீண்டும் மேலறையில் வைக்கலாம். தேனீக்கள் விரைந்து ஏறும்.

இவ்வளவு இருந்தும் காலம் அறியாதவன் தோற்பான். புழுக்கள் வளரும் இடத்தைத் தேனீக்கள் சுமார் 34, 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காக்கின்றன. கீழறை நிரம்புமுன் மாடியை ஏற்றினால் அந்த வெப்பம் வீணாகும். காவலற்ற அடையில் மெழுகு அந்துப்பூச்சி புகும். மிகத் தாமதித்தாலோ, பழைய இராணி ஏறத்தாழப் பாதிக் கூட்டத்துடன் குடிபெயர்ந்துவிடும். கீழ்ச் சட்டங்களெல்லாம் தேனீக்கள் மொய்த்து, வெளியே மதுவும் பெருகும் வேளையே உரிய வேளை. அப்போதும் தயங்கினால், கீழறையிலிருந்து ஓர் அடைத்துண்டை எடுத்து மேற்சட்டத்தில் வாழைநாரால் கட்டி வைப்பர். தம் பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் தேனீக்கள் கைவிடா. பின்தொடர்ந்து மேலே செல்லும்.

இக்கலை நம் நாட்டுக்கு வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. நம் இந்தியத் தேனீ உருவில் சிறியது. அதன் குடும்பமும் சிறியது. மேனாட்டுப் பெட்டி அதற்கு வெறும் மண்டபம் போலாயிற்று. 1910-களில் தென்னிந்தியாவில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், நம் தேனீயின் அளவுக்கேற்பச் சிறிய பெட்டியை வகுத்தார். அதன் மேலறையின் உயரம் கீழறையில் ஏறத்தாழப் பாதியே. 1920-களில், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. கிராமப் பணி நிலையத்தின் ஸ்பென்சர் ஹாட்ச் உழவர்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பிக்கச் செய்தார். அங்குள்ள ரப்பர் மரங்கள் ஆண்டின் தொடக்கத்தில் தளிர்க்கும்போது, இலைக்காம்பின் நுனியில் மது சுரக்கின்றன. அதுவே அவ்வூர்க்காரர் மேலறை ஏற்றும் பருவம். ஏழை உழவனின் வீட்டுக்கு அது ஒரு துணை வருமானமாயிற்று.

1991, 1992-ஆம் ஆண்டுகளில் புழுக்களைக் கொல்லும் நச்சுயிரி நோய் பரவித் தென்னாட்டின் தேனீக் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவற்றை அழித்தது. நிறைந்திருந்த பெட்டிகள் வெறுமையாயின. நோய்க்குத் தப்பிய சில குடும்பங்களைப் பேணிப் பெருக்கியே, வளர்ப்போர் தொழிலை மீண்டும் நிலைநிறுத்தினர். கனத்த கூடையைத் தேடிக் கொன்ற பழைய வழக்கம் நீடித்திருந்தால், அவ்வாறு பெருக்குவதற்கு எது எஞ்சியிருக்கும்?

மாணவ நண்பர்களே! பல்லாண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். கட்டளைக்குப் பணியாத சிற்றுயிரை மனிதன் இணங்கச் செய்தது, அதன் இயல்பை அளந்து அறிந்த பின்னரே என்பதை இவ்வரலாற்றில் காண்கிறேன். குமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் தேன் பருவத்தில் மாடி வைத்த பெட்டிகளைக் கண்டால் சற்றே நின்று பாருங்கள். உள்ளே, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு தேனீ மட்டுமே நடந்து செல்லக்கூடிய இடம் இருக்கும். அந்தச் சிற்றிடத்தைக் கண்டறிய மனிதனுக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.