செயற்கை இடுப்பு மூட்டுத் தொற்றைக் கண்டறியும் முறைகளின் வரலாறு

செயற்கை இடுப்பு மூட்டுத் தொற்று என்பது, அறுவை மூலம் பொருத்திய மூட்டைச் சுற்றி நுண்ணுயிர்கள் வளர்வதாகும். மூட்டு தளர்ந்தாலும் வலிக்கும், தொற்று வந்தாலும் வலிக்கும். தொற்றைத் தளர்வு என்று எண்ணிப் புதிய மூட்டை வைத்தால் அதுவும் கெட்டுப்போகும்.

1962இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி இன்றைய இடுப்பு மூட்டு மாற்று அறுவைக்கு வடிவம் கொடுத்தார். தொற்றுக்கு அஞ்சிய அவர், வடிகட்டிய காற்று வீசும் தனி அறையை அமைத்தார். தடுக்க வழி கிடைத்தது. கண்டறிவதோ கடினமாகவே இருந்தது. கிருமிகள் உலோகத்தின்மேல் படலம் போலப் படிந்து ஒளிந்துகொள்வதால் காய்ச்சலோ சீழோ இல்லாமலும் தொற்று நீடிக்கும்.

கைகொடுத்தவை பழைய சோதனைகளே. இரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இ.எஸ்.ஆர். சோதனையை 1921இல் வெஸ்டர்கிரென் ஒழுங்குபடுத்தினார். சி.ஆர்.பி. என்னும் புரதத்தை 1930இல் டில்லெட்டும் பிரான்சிசும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில் கண்டனர். இடுப்பு மூட்டுக்கும் அந்த ஆய்வுக்கும் அப்போது எந்தத் தொடர்பும் இல்லை! இவை உயர்ந்திருந்தால் ஐயம் எழும், அவ்வளவே. மூட்டு நீரை ஊசியால் எடுத்து வெள்ளை அணுக்களை எண்ணுவதும் கிருமியை வளர்த்துப் பார்ப்பதும் அடுத்த படிகள்.

ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்த நிலை 2011இல் மாறியது. அவ்வாண்டு அமெரிக்கத் தசை எலும்புத் தொற்றுச் சங்கம் பொது வரையறை ஒன்றை வெளியிட்டது. மூட்டிலிருந்து தோல்வரை சீழ்வழி இருந்தாலோ, இரு தனி மாதிரிகளில் ஒரே கிருமி வளர்ந்தாலோ தொற்று உறுதி. மற்றச் சான்றுகளைச் சேர்த்தே எடைபோட வேண்டும். 2018இல் இவற்றுக்கு மதிப்பெண் முறை வந்தது.

கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசு நலவாழ்வுத் துறையின்கீழ் வந்தது. இத்தகைய மாவட்டங்களுக்கு விலை குறைந்த சோதனைகள் முக்கியமானவை. சிறுநீர்ச் சோதனைக்கான காகிதப் பட்டையில் ஒரு துளி மூட்டு நீரை இட்டு, வெள்ளை அணுக்களின் நொதியைச் சில நிமிடங்களில் அறியலாம். நீரில் இரத்தம் கலந்தால் நிறம் குழம்பும்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ வலிக்கும் மூட்டுக்கு மருந்துக்கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குபவர், தம் கிருமியைச் சோதனையிலிருந்து மறைத்துவிடுகிறார். அவசரம் இல்லாதபோது, அம்மருந்தை இரு வாரமாவது நிறுத்தச் சொல்லிவிட்டே மருத்துவர்கள் மூட்டு நீரை எடுப்பது வழக்கம். மெல்ல வளரும் கிருமிகளுக்காக ஆய்வகமும் அதை 14 நாள் வரை வைத்துப் பார்க்கிறது.