தட்டைத் தலைக்கு ஹெல்மெட்: தீர்மானம் தொடங்க வேண்டிய இடம்

கைக்குழந்தையின் பின்மண்டை ஒருபக்கமாகத் தட்டையாகும் நிலையை மருத்துவர்கள் பிளேஜியோசெஃபலி என்கின்றனர். பின்மண்டை முழுவதும் தட்டையாகித் தலை அகன்று தெரிந்தால் அது பிரேக்கிசெஃபலி. இவற்றைச் சீர்செய்யக் குழந்தைக்கு ஹெல்மெட் அணிவிப்பதா, வேண்டாமா என்பதில் மருத்துவ உலகம் இன்றும் இரண்டுபட்டே நிற்கிறது. இக்கட்டுரை மூன்று முடிவுகளை முன்வைக்கிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஹெல்மெட்டை முதல் சிகிச்சையாக்க இன்றுள்ள சான்றுகள் இடந்தரவில்லை. மிகக் கடுமையான தட்டைமையில் அதை அடியோடு மறுக்கவும் சான்றில்லை. இவ்விரண்டையும்விட முதன்மையானது மூன்றாவது: ஐந்தாம் மாதத்தில் கேட்கப்படும் இக்கேள்வியைப் பல குழந்தைகளுக்கு எழாமலே செய்துவிடும் வாய்ப்பு, இரண்டாம் மாதத்திலேயே நம் கையில் இருக்கிறது.

சிக்கலின் பின்புலம்

1992இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம், குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைத்து உறங்கச் செய்ய வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல் மல்லாக்கப் படுக்கவைக்கும் பரப்புரை அந்நாடு முழுவதும் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. அதே காலத்தில் தட்டைத் தலையோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் எண்ணிக்கை உயர்ந்தது. உயிரைக் காத்த மாற்றத்தின் பக்கவிளைவு இது. ஆகவே தட்டைமைக்கு அஞ்சிக் குழந்தையைக் குப்புற உறங்கவைப்பது எந்த நிலையிலும் விடையாகாது.

தட்டைமை எவ்வளவு பரவலானது என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டுகின்றன. கனடாவின் கால்கரி நகரில் 7 முதல் 12 வார வயதுடைய 440 குழந்தைகளைச் சோதித்தபோது, 46.6 விழுக்காட்டினரிடம் ஓரளவேனும் தட்டைமை காணப்பட்டது. அவர்களில் முக்கால் பங்கினருக்கு மேல் லேசான நிலையே. நியூசிலாந்தில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இரண்டு வயதுவரை தொடர்ந்து கவனித்தனர். தட்டைமை அல்லது தலை அகற்சி உள்ளோர் நான்காம் மாதத்தில் 19.7 விழுக்காடு, எட்டாம் மாதத்தில் 9.2, இரண்டு வயதில் 3.3. நான்காம் மாதம் உச்சம், அதன்பின் இறக்கம். பெற்றோர் பெரிதும் கலங்குவதும் ஹெல்மெட் பரிந்துரைக்கப்படுவதும் அந்த உச்சத்தை ஒட்டிய மாதங்களில்தான். அப்போது அணிவிக்கப்படும் எதற்கும், இயல்பாக நிகழவிருந்த முன்னேற்றத்தின் பெருமையும் சேர்ந்துவிடும். எனவே ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்வும் இங்கே நம்மைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லக் கூடும்.

முதலில் விலக்க வேண்டியவை

ஹெல்மெட் பற்றிப் பேசுமுன் மருத்துவர் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, மண்டையோட்டு எலும்புகளின் இணைப்பு காலத்துக்கு முன்பே மூடிக்கொள்ளும் கிரேனியோசினோஸ்டோசிஸ். அரிதான இந்நிலைக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். படுக்கை அழுத்தத்தால் வந்த தட்டைமையில், தட்டையான பக்கத்துக் காது முன்னோக்கித் தள்ளப்பட்டிருக்கும். அதே பக்க நெற்றியும் சற்றே முன்வந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் தலை சாய்ந்த இணைகரம்போல் தெரியும். பின்மண்டை இணைப்பு மூடியிருந்தாலோ காது முன்தள்ளப்படாது. காதுக்குப் பின்னுள்ள எலும்பு புடைத்திருக்கும். அனுபவமுள்ள கண்ணுக்கும் கைக்கும் இந்த வேறுபாடு பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, டார்ட்டிகாலிஸ் எனப்படும் கழுத்துத் தசை இறுக்கம். குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்தால், தட்டைமைக்குக் காரணம் கழுத்தில் இருக்கக் கூடும். கழுத்தைச் சரிசெய்யாமல் தலைக்கு மட்டும் ஹெல்மெட் போடுவது காரணத்தை விட்டு விளைவைத் துரத்துவதாகும்.

ஹெல்மெட் செய்வதும் செய்யாததும்

இச்சிகிச்சையை 1979இல் அமெரிக்காவின் ஸ்டெர்லிங் கிளாரனும் உடனாய்வாளர்களும் முதன்முதலாக விவரித்தனர். ஹெல்மெட் மண்டையை அழுத்தி உருவாக்குவதில்லை. புடைத்த பகுதியின் வளர்ச்சியைத் தடுத்து, தட்டையான பகுதி வளர இடம்விடுகிறது. வளர்ச்சியே இதன் விசை. பிறக்கும்போது சுமார் 35 சென்டிமீட்டராக உள்ள தலைச் சுற்றளவு ஓராண்டில் சுமார் 46 சென்டிமீட்டராகிறது; அதில் பெரும்பகுதி முதல் ஆறு மாதங்களில் நிகழ்கிறது. அதனால்தான் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதத்துக்குள் தொடங்கி, நாளுக்கு 23 மணி நேரம் அணிவிக்கச் சொல்கின்றனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல், 3 முதல் 18 மாதக் குழந்தைகளின் மிதமான, கடுமையான தட்டைமைக்கு இக்கருவியை அனுமதித்தது. அந்த அனுமதி, ஹெல்மெட் இல்லாமல் வளரும் குழந்தையைவிட இரண்டு வயதில் தலை சிறப்பாக இருக்கும் என்பதற்கு உறுதியாகாது.

சான்றுகள் சொல்வது

அந்த உறுதியைத் தேடிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. ரென்ஸ்கெ வான் வெய்க்கும் உடனாய்வாளர்களும் 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அதை வெளியிட்டனர். மிதமானது முதல் கடுமையானது வரை தட்டைமை உள்ள, 5 முதல் 6 மாத வயதுடைய 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழுவுக்கு ஆறு மாதம் ஹெல்மெட். மற்றதற்கு எந்தச் சிகிச்சையும் இல்லை. இரண்டு வயதில் அளந்தபோது, முழுச் சீர்மை பெற்ற குழந்தைகள் ஹெல்மெட் குழுவில் 26 விழுக்காடு. மற்றக் குழுவில் 23 விழுக்காடு. பக்கவிளைவுகள் ஹெல்மெட் குழுவின் எல்லாக் குழந்தைகளிடமும் இருந்தன. தோல் எரிச்சல் 96 விழுக்காடு, கெட்ட வாடை 76, வியர்வை 71, வலி 33. குழந்தையை அணைத்துக் கொஞ்சத் தடையாயிற்று என்று 77 விழுக்காட்டுப் பெற்றோர் கூறினர்.

இந்த எண்களை இரு தரப்பும் தமக்கேற்ப எடுத்தாள்கின்றன. ஆனால் இவை இரு தரப்பின் வாக்குறுதியையும் ஒருசேர மறுக்கின்றன. ஹெல்மெட் போட்டால் தலை உருண்டையாகிவிடும் என்ற உறுதியும் பொய்க்கிறது. விட்டுவிட்டால் தானே முழுதாகச் சரியாகும் என்ற ஆறுதலும் பொய்க்கிறது. இரு குழுவிலும் தலை வடிவம் நன்றாகவே மேம்பட்டது. இரு குழுவிலும் ஏறத்தாழ முக்கால் பங்கினரிடம் அளவுகோலில் பிடிபடும் சிறு கோணல் எஞ்சியது. பெற்றோரின் மனநிறைவோ இரு குழுவிலும் உயர்ந்தே இருந்தது. மருத்துவர் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய நேர்மையான செய்தி இதுவே: முன்னேற்றம் பெரும்பாலும் உறுதி, முழுச் சீர்மை உறுதியில்லை, ஹெல்மெட் அந்த நிலையை மாற்றியதாக இவ்வாய்வில் தெரியவில்லை.

இவ்வாய்வுக்கும் எல்லைகள் உண்டு. தகுதியுள்ள 403 குழந்தைகளின் பெற்றோரில் 21 விழுக்காட்டினரே குலுக்கலுக்கு இசைந்தனர். மிகக் கடுமையான தட்டைமை உள்ளோரும் டார்ட்டிகாலிஸ் உள்ளோரும் சேர்க்கப்படவில்லை. ஹெல்மெட் நழுவுவதாகவும் சுழல்வதாகவும் பல பெற்றோர் முறையிட்டனர். சரியாகப் பொருந்தாத கருவியை வைத்துச் சிகிச்சையையே எடைபோடலாமா என்ற எதிர்வாதம் மதிப்புக்குரியது.

ஹெல்மெட்டை ஆதரிப்போரின் வலுவான சான்று, 2015இல் வெளியான சிகாகோ ஆய்வு. 4,378 குழந்தைகளைக் கொண்ட அதில், படுக்கை நிலை மாற்றமும் பிசியோதெரபியும் பெற்ற குழந்தைகளில் 77.1 விழுக்காட்டினர் முழுச் சீர்மை அடைந்தனர். தொடக்கத்திலேயே ஹெல்மெட் அணிந்தோரில் 94.4 விழுக்காட்டினர். வேறுபாடு பெரிதாகத் தோன்றும். ஆனால் அங்கே குலுக்கல் இல்லை என்பதால், இரு குழுவும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருக்கலாம். அதே ஆய்வின் இன்னோர் எண் தீர்மானத்துக்கு மிகவும் பயன்படுகிறது: எளிய வழிகள் போதாமல் பிறகு ஹெல்மெட்டுக்கு மாறியோரில் 96.1 விழுக்காட்டினர் சீர்மை பெற்றனர். எளிய வழியை முதலில் முயன்றதால் அவர்கள் எதையும் இழக்கவில்லை. ‘இப்போதே போடாவிட்டால் காலம் கடந்துவிடும்’ என்ற அச்சுறுத்தலுக்கு, ஹெல்மெட்டை ஆதரிக்கும் ஆய்வே இடந்தரவில்லை. அமெரிக்க நரம்பியல் அறுவைச் சிகிச்சையாளர் பேரவை 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், எளிய சிகிச்சைக்குப் பின்னும் மிதமான அல்லது கடுமையான தட்டைமை நீடிப்போருக்கும் காலந்தாழ்ந்து வருவோருக்கும் ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது.

அறிவு வளர்ச்சி குறித்த அச்சம்

தட்டைத் தலை மூளையை நெருக்கும் என்ற அச்சம் பெற்றோரைப் பெரிதும் வாட்டுகிறது. படுக்கை அழுத்தத்தால் வரும் தட்டைமையில் மூளை வளர இடம் குறைவதில்லை. பள்ளி வயதுவரை தொடர்ந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மிதமான, கடுமையான தட்டைமை இருந்தோர் அறிவுத்திறன் தேர்வுகளில் சராசரியாகச் சற்றே குறைந்த மதிப்பெண் பெற்றனர். லேசான நிலையினரிடம் அத்தகைய வேறுபாடு இல்லை. இத்தொடர்பு காரணமும் விளைவுமாக நிறுவப்பட்டதன்று. தசை வலுக் குறைந்து, குறைவாக அசையும் குழந்தைக்குத் தலையும் எளிதில் தட்டையாகும். அத்தகைய குழந்தைக்கு வேண்டியது வளர்ச்சிப் பரிசோதனையும் தசைப் பயிற்சியும். மூளை வளர்ச்சியைக் காட்டி ஹெல்மெட்டை வற்புறுத்துவது அறமன்று.

தமிழகச் சூழல்

நெதர்லாந்தின் குளிர்ந்த காலநிலையிலேயே 71 விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு வியர்வை தொல்லையானது. சென்னையின் சித்திரை வெயிலில் 23 மணி நேர ஹெல்மெட் குழந்தைக்கு என்ன பாடாக இருக்கும் என்பதைத் தீர்மானிப்போர் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் தலை உருண்டையாக அமையக் கடுகுத் தலையணை வைக்கும் வழக்கம் உண்டு. இவ்வகைத் தலைவடிவத் தலையணைகளால் மூச்சடைப்பும் உயிரிழப்பும் நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. கைக்குழந்தை உறங்கும்போது தலையணையே வேண்டாம்.

முடிவுரை

2008இல் வெளியான நெதர்லாந்தின் இன்னொரு குலுக்கல் ஆய்வு நம் கவனத்தை ஹெல்மெட்டிலிருந்து முந்தைய மாதங்களுக்குத் திருப்புகிறது. ஒரே பக்கம் திரும்பிப் படுக்கும் ஏழு வாரக் குழந்தைகளுக்குப் பிசியோதெரபி தொடங்கியபோது, கடுமையான தட்டைமைக்கான வாய்ப்பு ஆறாம் மாதத்தில் 46 விழுக்காடும், ஓராண்டில் 57 விழுக்காடும் குறைந்தது. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. விழித்திருக்கும்போது, பெரியவர் பார்வையில் குப்புறப் படுக்கவைத்தல். படுக்கையில் தலைமாட்டை மாற்றி வைத்தல். திரும்பாத பக்கத்திலிருந்து பேசி அழைத்தல். தோளில் சாய்த்துத் தூக்கி வைத்திருத்தல். கழுத்து இறுகியிருந்தால் பயிற்சி. வீட்டில் பாட்டியும் அத்தையும் பங்கெடுக்கக்கூடிய வேலைகள் இவை.

ஆகவே வரிசை இவ்வாறு அமைய வேண்டும். முதலில் எலும்பு இணைப்பையும் கழுத்தையும் சோதிக்க வேண்டும். அடுத்து, இரண்டாம் மாதத்திலிருந்தே எளிய வழிகளைத் தொடங்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் அளந்து பார்த்து, மிகக் கடுமையான தட்டைமை நீடித்தால் மட்டும், மேற்சொன்ன எண்களைப் பெற்றோர் முன் மறைக்காமல் வைத்து, ஹெல்மெட்டைப் பேசலாம். அப்போது பெற்றோர் எடுக்கும் முடிவு எதுவானாலும் அது மதிக்கத்தக்கது.

நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணைப்படி குழந்தைகள் 6, 10, 14ஆம் வாரங்களில் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். ஊசி போடும் அந்த வேளையில் குழந்தையின் கழுத்து இருபுறமும் தடையின்றித் திரும்புகிறதா, பின்மண்டை தட்டையாகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடச் சோதனையை வழக்கமாக்குமாறு குழந்தைநல மருத்துவர்களையும் கிராம சுகாதாரச் செவிலியர்களையும் இக்கட்டுரை வேண்டுகிறது.