பட்டாளத்துத் தாத்தாவின் நம்பர்

பழைய பெட்டியில் ஒரு வெள்ளி மெடல் மட்டும் மிஞ்சியிருக்கும். அதை வாங்கியவர் எங்கே சண்டை போட்டார் என்று கேட்டால், "பஸ்ராவுக்குப் போனாராம்" என்பதோடு கதை முடிந்துவிடும். இப்படிப்பட்ட முதல் உலகப் போர்த் தாத்தாக்களைத் தேட வழி இருக்கிறதா?

முதலில் மெடலின் விளிம்பைப் பார்க்க வேண்டும். நம்பர், பெயர், படைப்பிரிவு மூன்றும் அங்கே பொறித்திருக்கும். (வெள்ளி என்பதால் அடகுக் கடையோடு போனவை எத்தனையோ!)

அடுத்தது காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியல். இந்தியச் சிப்பாய்கள் பலருக்கு அப்பா பெயர், ஊர், ஜில்லாகூட அதில் உண்டு. ஆனால் கல்பாக்கம் என்று தேடிப் பயனில்லை. 1914இல் அணுமின் நிலையமும் இல்லை, நகரியமும் இல்லை. சதுரங்கப்பட்டினத்தை வெள்ளைக்காரன் எழுதிய மாதிரி 'சட்ராஸ்' என்றும், செங்கல்பட்டை 'சிங்கிள்புட்' என்றும் ஆங்கிலத்தில் அடித்துப் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு கொடுமை. ஈராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னம் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது. பிரிட்டிஷ் சிப்பாய்க்கு அதில் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவு வாரியாக வெறும் எண்ணிக்கைதான். இந்தப் பாகுபாட்டுக்காக ஆணையம் மன்னிப்புக் கேட்டது 2021இல்!

ஆனாலும் இந்தப் பட்டியல் செத்தவர்களுக்குத்தான். உயிரோடு ஊர் திரும்பியவர் பாடு இன்னும் மோசம். பஞ்சாபில் 1919இல் ஊர் ஊராக எழுதிய பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3,20,000 பேர் விவரம். 2021 முதல் அவை இணையத்துக்கு வரத் தொடங்கின. திரும்பி வந்தவர்களும் அதில் உண்டு, ஆனால் அது பஞ்சாபுக்கு மட்டும். போதாக்குறைக்கு, பழைய மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை 1920களில் கலைத்தும் விட்டார்கள். தாத்தா மதராஸ் சாப்பர்ஸ் என்றால் கொஞ்சம் அதிர்ஷ்டம். அந்தப் படை தொடர்ந்து இருந்து, இன்றும் பெங்களூரில் இயங்குகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காரர் என்றால் நிலைமை பரவாயில்லை. மதராஸ் ரெஜிமென்ட் அந்தப் போரின்போது மறுபடி எழுப்பப்பட்டது. இப்போது அதன் மையம் நீலகிரி வெலிங்டனில். சாப்பர்ஸுக்குப் பெங்களூர். படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம், நம்பர் தெரிந்திருந்தால். வெறும் பெயரை வைத்து ஒரு முனுசாமியைத் தேடுவது நடக்கிற காரியமா? டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் தாள் எதிலாவது அந்த நம்பர் இருக்கும். பாட்டி வாங்கிய விதவைப் பென்ஷன் தாளாக இருந்தாலும் சரி, குப்பைக்குப் போகும்முன் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.