புகையும் இடுகுறியும்: ஒரு பழுதின் வரலாறு

பழைய வண்டியை எந்தப் பட்டறையிலும் சரிசெய்யலாம், புதிய வண்டி நின்றால் நின்றதுதான் என்று ஒரு பேச்சு உண்டு. இதில் இரண்டு கேள்விகள் கலந்துள்ளன. வண்டி எவ்வளவு அடிக்கடி பழுதாகிறது என்பது ஒன்று. பழுதானால் அதை யார் நீக்க முடியும் என்பது மற்றொன்று. கடந்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் நம்பகம் கூடியது. பழுது நீக்குவோரின் வட்டம் குறுகியது.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர், பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அதன் அடிப்படை அமைப்பு பெரிதும் மாறாததால், தந்தை கற்ற தொழில் மகனுக்கும் பயன்பட்டது. பாயிண்ட் கரிந்தால் உப்புத்தாளால் தேய்த்தார்கள். கார்புரேட்டரின் ஜெட் அடைத்தால் கழற்றி ஊதினார்கள். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் தில்லியின் கஷ்மீரி கேட்டும் உதிரிபாகங்களால் நிறைந்திருந்தன. ஆனால் இத்திறமை இவ்வளவு பரவியதற்கு அவ்வண்டிகள் அடிக்கடி பழுதானதே ஒரு காரணம். பழமையை ஏங்கிப் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கணினியை வண்டிக்குள் கொண்டுவந்ததில் காற்று மாசுக்குப் பெரும் பங்குண்டு. 1999இல் உச்ச நீதிமன்றம் தேசியத் தலைநகர்ப் பகுதியில் யூரோ தர விதிகளை விரைவுபடுத்தியது. பெட்ரோல் வண்டியின் வினையூக்கி மாற்றி நன்கு இயங்க, 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்னும் விகிதம் நிலைபெற வேண்டும். கார்புரேட்டரால் அது இயலாது. உணரியும் கணினியும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. 2020இல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளோடு இருசக்கர வண்டிகளும் பெருமளவில் இம்முறைக்கு மாறின. கார்புரேட்டரும் பாயிண்ட்டும் போனபோது அவற்றால் வந்த பழுதுகளும் போயின.

மாறியது பழுதின் மொழி. கரும்புகையைக் கண்டு பெட்ரோல் மிகுதியை உணர்வது அனுமானம்; புகைக்கும் காரணத்துக்கும் இயற்கைத் தொடர்பு உண்டு. ‘பி 0301’ என்பதோ இடுகுறி. முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். அகராதி இல்லாதவருக்கு அது வெறும் எண். பொருளை அறிந்த பின்னும் பிளக்கா, காயிலா, இன்ஜெக்டரா என்று கண்டறியப் பழைய அனுமானமே வேண்டும். இக்குறி எல்லோருக்கும் பொதுவானது. நிறுவனங்கள் தமக்கென வகுத்த குறிகளும், புதிய பாகத்தைக் கணினியில் பதியும் மென்பொருளும் அப்படியல்ல.

2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களும் பழுதறி கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. ஆயினும் அந்த ஆணை ஓர் உண்மையைப் பதிவுசெய்தது: பட்டறைக்கும் வண்டிக்கும் இடையிலான சுவரின் பெரும்பகுதி வணிக முடிவுகளால் எழுந்தது. பழுதுக் குறிகளின் அகராதியைப் பொதுவுடைமையாக்க, நாம் பெற்ற நம்பகத்தையோ தூய காற்றையோ இழக்க வேண்டியதில்லை.