விருப்பக் குறிகள் தொண்டர்களாவதில்லை

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதித் தொண்டு அமைப்புகள் பலவற்றின் முகநூல் பக்கங்களில் அதிகம் தென்படுபவை, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள்தாம். 'இளைஞர்கள் வருவதில்லை' என்ற குறையோ அவற்றின் கூட்டங்களில் தவறாமல் எழுகிறது. அக்கூட்டங்களில் அமர்ந்திருப்போரில் நானும் ஒருவன். எங்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள்.

இளைஞர்களுக்குப் பொதுநலம் அந்நியமன்று. 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் முகநூலும் வாட்ஸ்ஆப்பும் கொண்டு நிவாரணப் பணிகளை ஒருங்கிணைத்தவர்கள் அவர்கள். 2017 ஜனவரியில் மெரீனாவில் திரண்டவர்களும் அவர்களே. ஆனால், அது நெருக்கடியும் உணர்ச்சியும் தந்த உந்துதல். தொண்டு அமைப்புக்கோ ஆண்டு முழுவதும் ஆள் தேவை.

பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1965-இல் இச்சிக்கலை விளக்கினார். பலன் அனைவருக்கும் பொதுவெனில், உழைப்பைப் பிறர் தரட்டும் என்று ஒவ்வொருவரும் ஒதுங்குவது இயல்பு; குழு பெரிதாகப் பெரிதாக ஒருவரது பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. விருப்பக் குறி இடுவதற்குச் செலவேதுமில்லை. ஆகவே, அதைக்கொண்டு ஈடுபாட்டை அளக்க இயலாது.

2015 முதல் நடைபெறும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பைப் பாருங்கள். விடுமுறையின் நான்கு நாள்களில், மொட்டைமாடியிலோ கண்மாய்க்கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளை 'இ-பேர்ட்' தளத்தில் பதிவிட வேண்டும். வேலை சிறியது, முடிவுள்ளது. பதிவிட்டவர் பெயரிலேயே பட்டியல் நிற்கிறது. கைப்பேசி இங்கு விளம்பரப் பலகையன்று, பணிக்கருவி.

நம் பகுதிக்கு இதுபோன்ற பணிகள் குறைவா? சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் சரணாலயமான மேற்குத் தொடர்ச்சி மலைக்காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுவோர் விட்டுச்செல்லும் நெகிழிக் குப்பை ஒன்று போதும். வனத்துறை அனுமதி பெற்று, 'ஞாயிறு காலை 7 மணி, தாணிப்பாறை அடிவாரம், 20 பேர் தேவை, 10 மணிக்கு முடிந்துவிடும்' என்று இன்ஸ்டாகிராமில் அறிவிக்கலாம். அன்று மாலையே அகற்றிய மூட்டைகளின் எண்ணிக்கையையும், அடுத்த ஞாயிற்றுக்குரிய பணியையும் வெளியிட வேண்டும். (செண்பகத்தோப்பில் அணில் கூடு கண்டால் இடத்தைப் பதிவிடாதிருப்பது நல்லது, கூட்டம் கூடிவிடும்.)

பதிவிடும் பொறுப்பை யாரிடம் தருவது என்பதே கடினமான கேள்வி. தலைவர் திருத்தி, செயலாளர் ஒப்பமிட்டு மூன்று நாள் கழித்து வெளியாகும் பதிவை எந்த மாணவரும் படிக்கப்போவதில்லை. எங்கள் அமைப்பின் முகநூல் கடவுச்சொல் இன்னும் செயலாளரின் நாட்குறிப்பில்தான் இருக்கிறது.