மண்டூசி: மருந்து மாற்றியும் சாகாத புல்

எங்க மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ராகிக் கொல்லையில் களை எடுக்கக் களைக்கொத்து போதும். ஹரியானா கோதுமை வயலில் அது லேசில் நடக்காது. அங்கே மண்டூசின்னு ஒரு புல் (பஞ்சாபில் குல்லி டண்டா). முளைக்கும்போது அச்சு அசல் கோதுமை மாதிரியே இருக்கும். பசுமைப் புரட்சியின் குட்டை ரகங்கள், தாராளமான தண்ணீர், உரம், நெல் விட்டால் கோதுமை. அதுக்கு வேறென்ன வேணும்?

1980களில் எல்லோரும் ஐசோபுரோட்யூரான் அடித்தார்கள். அது ஒளிச்சேர்க்கையை நிறுத்திப் புல்லைக் கொல்லும். கோதுமை அதைத் தன் நொதிகளால் சிதைத்துத் தப்பிவிடும். அதே வித்தை மண்டூசியிலும் ஒன்றிரண்டு செடிக்குத் தெரிந்திருக்கிறது. மருந்து அதைப் புதுசா உண்டாக்கலை. தெரியாததையெல்லாம் கொன்று, தெரிந்தது மட்டும் விதை போட வழிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே. மாலிக், சமுந்தர் சிங் இதைக் கண்டறிந்து எழுதினார்கள். அப்போது சிலர் முற்றாத கோதுமையையே தீவனத்துக்கு அறுத்துப் போட்டார்களாம்.

தசாப்தத்தின் கடைசியில் குளோடினாஃபாப், ஃபினாக்சாபுராப், சல்ஃபோசல்ஃப்யூரான் வந்தன. முதல் இரண்டும் கொழுப்பு அமிலம் உருவாவதைத் தடுக்கும், மூன்றாவது சில அமினோ அமிலங்களை. தாக்கும் இடம் வேறு, ஆனால் பழக்கம் பழசுதான்: வேலை செய்கிற வரை அதையே அடிப்பது. அடுத்த பத்து வருஷத்துக்குள் பழைய மருந்தோடு புதுசையும் தாங்கும் மண்டூசி பதிவானது. நொதி பல மருந்தைச் சிதைக்கலாம், மருந்து ஒட்டும் புரதமே மாறியிருக்கலாம், ஒரே செடியில் இரண்டும் சேரலாம்.

எனக்குச் சுவாரசியமானது, மருந்தில்லாத பதில். நெல் அறுத்த நிலத்தை உழாமலே கோதுமை விதைத்தால் மண்டூசி குறைவாக முளைத்தது. கரும்பு, பெர்சீம் என்று பயிர் மாற்றிய வயல்களிலும் எதிர்ப்பு குறைவாகவே இருந்தது.