மணல் தட்டும் கைபேசியும்

இராயபுரம், எண்ணூர்ப் பக்கத்துக் கடற்கரைக்குப் போனால், ஈர மணலில் விரலால் பெயரெழுதாமல் யாரும் திரும்புவதில்லை. நீங்களும் எழுதியிருப்பீர்கள். இந்த விளையாட்டு ஒரு காலத்தில் பள்ளிப் பாடமாக இருந்தது; அதுமட்டுமல்ல, சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கும் போனது!

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் 1787இல் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான பள்ளியைப் பொறுப்பேற்றார். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அதைத் தம் பள்ளியிலும் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் இணங்கவில்லை. பெல் விடவில்லை, ஜான் பிரிஸ்கென் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் கடைசி வகுப்பை ஒப்படைத்தார். பெரியவர்கள் ஆகாது என்று ஒதுக்கியதை அவன் செய்து காட்டினான். 1797இல் பெல் இதைப் பற்றி இலண்டனில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ‘சென்னை முறை’ பிறந்தது இப்படித்தான்.

மணலில் அப்படி என்ன சிறப்பு? காகிதம் விலையுயர்ந்திருந்த காலத்தில் அதற்குச் செலவே இல்லை. தப்பாக எழுதினால் கையால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம். ஆனால் நேற்று எழுதியது இன்று இராது. ஓலைச்சுவடி இதற்கு நேர்மாறு: எழுதியது நிற்கும், பிழையும் கூடவே நிற்கும். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதையே பலர் விட்டுவிட்டார்கள். ‘க’வா, ‘க்’கா என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். கருவி எழுத்தின் வடிவத்திலேயே கைவைத்துவிட்டது, பார்த்தீர்களா?

பின்னால் வந்த சிலேட்டுக்கும் மணலின் மறதி உண்டு. (கோவை இலையால் சிலேட்டைத் துடைத்த கதையை உங்கள் பாட்டியிடம் கேளுங்கள்.)

இங்கிலாந்தில் 1811இல் தொடங்கிய தேசியக் கல்விச் சங்கம் பெல்லின் முறையைத் தன் பள்ளிகளில் பரப்பியது. மணலால் அங்கே பெரிய கேடு வந்துவிடவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள். தனக்கே அரைகுறையாகத் தெரிந்ததைச் சட்டாம்பிள்ளை ஒப்பிக்க, மற்றவர்களும் ஒப்பித்தார்கள். செலவு குறைந்தது என்று மகிழ்ந்தவர்கள் இதைக் கவனிக்க நாளாயிற்று. 1846இல் அரசு, பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர்களுக்கு ஊதியம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்த பிறகே இம்முறை மங்கலாயிற்று.

இப்போது 2020 மார்ச்சுக்கு வருவோம். கொரோனாவால் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. கைபேசியே வகுப்பறை ஆயிற்று. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. இதயத்தின் வால்வு திறந்து மூடுவதை, புரியும்வரை பத்து முறை போட்டுப் பார்க்கலாம். எந்தப் பாடப்புத்தகப் படமும் இதைச் செய்யாது. ஆனால், திருவொற்றியூரில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி உள்ள வீட்டை எண்ணிப் பாருங்கள். அப்பா அதை எடுத்துக்கொண்டு துறைமுக வேலைக்குப் போய்விட்டால் மூவருக்கும் பள்ளி இல்லை! கைபேசி கிடைத்த பிள்ளைக்கும் பாடமும் விளையாட்டும் ஒரே திரையில். அவன் ‘ழ’வை எந்தப் பக்கத்திலிருந்து சுழித்தான் என்பதை ஆசிரியர் காண வழியில்லை. என்னைக் கேட்டால், மற்றெல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு இதுதான்.

1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையைக் காணாமலே இரண்டாம் வகுப்புக்கு வந்திருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப, 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவிலுள்ள தன்னார்வலர் ஒருவர் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கற்பித்தார். எழும்பூரில் அந்த எட்டு வயதுச் சிறுவனும் அப்படித்தான், மணல் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விரல் எங்கே வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.